மாங்கரை ஏரியின் ஏழாவது நோட்டு

சென்னை
6.10.2024

அன்புத் தோழி ஹெலனுக்கு,

ஜபீன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். பொன்னேரி காலேஜில் என் ரெக்கார்டு நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு "கோழி கிண்டின குப்ப மாதிரி கீது" என்று சொன்னவள் நீதானே. நீயும் உன் மாமியார் ஆரோக்கியமேரி அம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று துவா செய்துகொண்டே எழுதுகிறேன்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கும்மிடிப்பூண்டியில் இன்னும் தபால்காரர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இந்தக் கடிதம். உனக்குக் கோபம் இருக்கும், தெரியும். உன் ராபினின் அடக்கத்துக்கு வந்தவள் ஒரு மணி நேரம்கூட உட்காராமல் மீட்டிங் என்று கிளம்பிவிட்டேன். நீ அன்றைக்கு என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்றரை வருடமாக அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திட்டாதே. எங்கள் அருங்காட்சியகத்தில் ஜனவரி பத்து முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகக் கண்காட்சி. பறவைகளும் அறிவியல் ஆய்வும் என்பது பொருள். வடிவமைப்பு முழுக்க என் பொறுப்பு, முதல் முறையாக. ஐந்து வருடமாக ஆறு மாத ஒப்பந்தம், இன்னொரு ஆறு மாத ஒப்பந்தம் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன் இல்லையா? எங்கள் டைரக்டர் திலகவதி மேடம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், இது நன்றாக வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி என்று.

காலில் வளையம் மாட்டுவது, வலை, தராசு, பாடம் செய்த பறவைகள் எல்லாம் எல்லா ஊர் மியூசியத்திலும் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேறு. விஞ்ஞானிப் பட்டம் எதுவும் இல்லாத இரண்டு பெண்கள் தேர்வாய் கண்டிகை போகிற வழியில் மாங்கரை ஏரிக்கரையில் நின்று ஞாயிறு தவறாமல் ஏழரை வருடம் பறவை எண்ணினார்களே, அந்த நோட்டுகள். நான் மூன்றாம் வருடமே வேலை கிடைத்துச் சென்னைக்கு ஓடிவிட்டேன், மீதியெல்லாம் உன் உழைப்பு. ஆனாலும் கேட்கிறேன். ஏழு நோட்டையும் அனுப்புவாயா?

உன்
ஜபீன்

கும்மிடிப்பூண்டி
15.10.2024

ஜபீனுக்கு,

கர்த்தர் கிருபையால் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஷிப்டுக்குப் போகிறேன். அத்தைக்கு முட்டிவலி. மற்றபடி இருவரும் சுகம்.

போன் எடுக்காததற்கு நீ ஒருத்தி காரணமில்லை. கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் அதை ஆன் செய்யவே பிடிப்பதில்லை. எழுத்து பரவாயில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கழிவுநீர் லேபில் உட்கார்ந்து ஆள் இல்லாதபோது எழுதலாம். எழுதினால் குரல் உடையாது.

நீ ஒரு மணி நேரம்தான் இருந்தாய் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று நான் பார்க்கவில்லை. அதற்காக நீ அழ வேண்டாம்.

நோட்டுகளை அனுப்புகிறேன். பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம் என்று இரண்டு தடவை எடுத்து வெளியே வைத்தேன். அத்தை திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். "என் புள்ள எழுதினது கீதுமா அதுல" என்கிறார்கள். நீ போனபிறகு நான் எண்ண, ராபின்தான் எழுதினார். ஆகையால் பத்திரமாகத் திருப்பிக் கொடு. காபி கொட்டினால் ஊட்டாண்ட வந்துடுவேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆறு நோட்டோடு நிறுத்திக்கொள். ஏழாவது அவ்வளவு சரியில்லை. நோட்டுக் கட்டில் ஒன்று குறைந்தால் நீ நூறு கேள்வி கேட்பாய் என்றுதான் அதையும் சேர்த்து அனுப்புகிறேன். அதைப் பயன்படுத்தாதே.

வேலை நிரந்தரமாகட்டும். மனசாரத்தான் சொல்கிறேன்.

ஹெலன்

சென்னை
20.11.2024

என் ஹெலன்,

நோட்டுகள் வந்து ஒரு மாதமாகிறது. பதில் எழுதக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

கேள். ஹால் நாற்பதடிக்கு இருபத்தைந்தடி. தற்காலிகக் கண்காட்சி என்பதால் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார்கள். அதனால் ஒரு பக்கம் முழுக்கப் பலகை நிறுத்தி, மேலிருந்து கம்பிகளைத் தொங்கவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கம்பி. ஐம்பது பறவைக்கு ஒரு தகரப் பறவை என்று வெட்டிக் கம்பியில் கோக்கிறோம். ஐம்பதுக்குக் கீழே என்றால் ஒரு குட்டிப் பறவை. தகடு எங்கிருந்து வாங்கினேன் தெரியுமா? உங்கள் ஊர் உருட்டாலைக் கழிவுதான்.

2016 டிசம்பரில் கம்பி தரை வரைக்கும் தொங்குகிறது. நாமக்கோழி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஆயிரத்து நூற்று நாற்பது! நாமிருவரும் அன்றைக்கு மதகு மேல் நின்று கத்தினோமே, ஞாபகமிருக்கிறதா? அப்புறம் வருடத்துக்கு வருடம் கம்பி ஏறிக்கொண்டே போகிறது. கடைசியாக உன் ஏழாவது நோட்டு. 2023 மார்ச் 19-ஆம் தேதி கூழைக்கடா நாற்பத்தாறு, மற்றதெல்லாம் சேர்த்து இருநூற்றுச் சொச்சம், நான்கு தகரப் பறவைகள். அடுத்த வாரம் பூஜ்யம். அதற்கடுத்த வாரம் பூஜ்யம். வருடக் கடைசி வரை நாற்பத்தொரு பூஜ்யம். நாற்பத்தொரு வெறும் கம்பி. அவற்றின் மேல் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம் போடுகிறேன்.

மாதிரியைப் பார்த்துவிட்டுத் திலகவதி மேடம் அதன் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு "இந்த வெறும் கம்பிதாம்மா கண்காட்சியே" என்றார்கள். நீ அந்த நோட்டு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிகிறது, பறவையே வராத ஏரிக்குப் போய் நின்றுவிட்டு வருவது எவ்வளவு வலித்திருக்கும். அந்த வலியைத்தான் ஊர் பார்க்கட்டும் என்கிறேன்.

வெறும் கம்பியை இன்னும் தொங்கவிடவில்லை, அடுத்த வாரம் தொங்கும். திறப்பு விழாவுக்கு நீ கட்டாயம் வர வேண்டும். புடவை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
ஜபீன்

கும்மிடிப்பூண்டி
1.12.2024

ஜபீனுக்கு,

உட்கார்ந்து படி.

அந்த நாற்பத்தொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் ஏரிக்குப் போகவே இல்லை.

சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் ராபின் வருவார். முகம்கூடக் கழுவாமல் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கு வருவார். நான் எண்ணிச் சொல்லச் சொல்ல, கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதுவார். நாலு வருடம் அப்படித்தான். அந்த 19-ஆம் தேதி ஏழரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது, கிளம்ப வேண்டியதுதான். அப்போது தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கம் கூழைக்கடா கூட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி இறங்கியது. அவருக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. நான்தான் சொன்னேன், "பத்து நிமிஷம் ராபின், நீ போய் டீ குடிச்சினு வா" என்று. "நீ எண்ணிக்கினே இரு, நான் வந்து எழுதறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹைவேஸ் திரும்புகிற இடத்தில் கன்டெய்னர் லாரி. நான் எண்ணி முடித்து, அவர் வரக் காணோமே என்று நானே 46 என்று எழுதிப் பேனாவை மூடுகிறேன், போன் வருகிறது.

அடுத்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தேன். நோட்டு மேசைமேல் இருந்தது. யாரோ பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். போகாத வாரத்துக்கு ஒரு கோடு போட்டுவிட வேண்டும், பூஜ்யம் என்றால் நாம் எண்ணுகிற மூன்று இடத்திலும் நின்று பார்த்து ஒன்றுமே இல்லாவிட்டால்தான். நாமே போட்டுக்கொண்ட விதி. எனக்குத் தெரியாததா? ஆனாலும் பூஜ்யம் போட்டேன். ஒரு பறவைகூட இருக்கக் கூடாது என்று போட்டேன். அதுகளைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தானே என் புருஷனை அனுப்பினேன்? பூஜ்யம் எழுதினால் அந்த ஒரு நாள் தூக்கம் வந்தது. அதனால் அடுத்த வாரமும் எழுதினேன். நோட்டு தீர்ந்ததும் நிறுத்தினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அத்தையிடம்கூட.

நீ மட்டும் எப்படி நம்பினாய்? டிசம்பர் மழையில் ஏரி ததும்பிக்கொண்டு நிற்கும்போது ஒரு மடையான்கூட இல்லாமல் இருக்குமா? நீ விலங்கியல் படித்தவள்தானே, இல்லை காப்பியடித்துப் பாஸ் செய்தாயா?

ஆறு நோட்டும் சத்தியம். ஏழாவதில் மார்ச் 19 வரைக்கும் சத்தியம். ஏரி அழிகிறது என்பதற்கு அதுவே போதும். ஆயிரத்து நூற்று நாற்பதாக இருந்தது 2022 டிசம்பரில் முந்நூற்றுப் பத்தாக வந்து நின்றது, நின்று எண்ணினவள் நான். அதை வை. மீதிக் கம்பியைத் தொங்கவிடாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹெலன்

சென்னை
22.12.2024

அன்பு ஹெலன்,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில் ஒரு தடவை படித்து, பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற அளவுக்கு அழுதேன். இவ்வளவையும் ஒருத்தியாக மனதில் வைத்துக்கொண்டு எப்படி இருந்தாய்? நான் என்ன தோழி? என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இதை எழுதிவிட்டு அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

திலகவதி மேடம் அறை வரைக்கும் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். கம்பி எல்லாம் தொங்கியாகிவிட்டது. பலகை அச்சாகிவிட்டது. அழைப்பிதழின் முன்பக்கமே அந்த வெறும் கம்பிதான். இப்போது எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சரிபார்க்காமல் எப்படி வைத்தாய் என்பார்கள். எனக்கு முப்பத்துமூன்று வயதாகிறது ஹெலன். மார்ச்சில் இந்த வேலை போனால் வாப்பா என்னைப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போய் அண்ணனின் நண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் உட்கார வைத்துவிடுவார்.

யோசித்துப் பார். ஏரி அழிகிறது என்பது பொய்யா? நீயே சொல்கிறாய், இல்லை என்று. இன்னும் ஐந்து வருடமோ பத்து வருடமோ, நிஜமாகவே பூஜ்யம் வரத்தான் போகிறது. நாம் கொஞ்சம் முன்னாலேயே சொல்கிறோம், அவ்வளவுதான். தற்காலிகக் கண்காட்சி. மூன்று மாதம். ஏப்ரல் பதினோராம் தேதி எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவார்கள். அதுவரை பொறுத்துக்கொள். வாசலில் பித்தளைப் பலகையில் உன் பெயரும் ராபின் பெயரும் முதலில் வருகிறது, என் பெயர் அதற்குக் கீழேதான்.

அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். வா என்று கேட்க வாய் வரவில்லை. வந்தால் சந்தோஷப்படுவேன். நல்லபடியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடு.

ஜபீன்

கும்மிடிப்பூண்டி
9.2.2025

ஜபீனுக்கு,

திறப்பு விழாவுக்கு வரவில்லை. போன சனிக்கிழமை வந்தோம், நானும் அத்தையும். உன்னிடம் சொல்லவில்லை. நீ அன்றைக்கு லீவு என்று கவுன்டரில் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான்.

அழகாகச் செய்திருக்கிறாய், அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வளையம் மாட்டுகிற மேசையும் குழந்தைகள் தராசில் இறகு நிறுத்துப் பார்ப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அந்தச் சுவருக்கு வந்தோம். ஒரு ஸ்கூல் கூட்டம். உங்கள் கைடு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள், இருபத்துமூன்றாம் வருடம் மார்ச் 26, அன்றிலிருந்து ஒரு பறவைகூட இல்லை என்று. பிள்ளைகள் உச் கொட்டினார்கள். ஒரு பெண் அழுதேவிட்டாள்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்கள். "இன்னாமா இது, ராபின் போன மறு வாரம்தானே? நீ எங்க போன அப்போ? ஊட்டவுட்டே வெளிய வரலையே நீ" என்று கேட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த மனுஷி. தேதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

இது ஒன்று. அடுத்தது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கலாம்.

பேப்பரில் உன் சுவரின் படம் வந்ததும் எங்கள் மேனேஜர் துளசிராமன் சார் என்னைக் கூப்பிட்டார். ஏரிக்குப் போகிற கழிவுநீர் எங்கள் கம்பெனியுடையது, நோட்டில் என் பெயர். ஹெட் ஆபீசிலிருந்து வக்கீல் ஒருவரும் வந்திருந்தார். டீ வரவழைத்தார்கள். அந்த நாற்பத்தொரு வாரமும் நீ நேரில் போய்ப் பார்த்தாயா என்று கேட்டார்கள். ஒரே கேள்விதான்.

ஆமாம் என்றால் உன் வேலை நிற்கும். கம்பெனியை நாலு பேர் கேள்வி கேட்பார்கள், அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இல்லை. டீ ஆறும் வரைக்கும் யோசித்தேன். ஒரு தடவை எழுதின பொய்யையே இரண்டு வருடமாகச் சுமக்க முடியவில்லை, இன்னொன்றை வாயால் சொல்ல முடியாது போலிருந்தது. "இல்ல சார், போகல" என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன்.

முன்னால் உள்ளதெல்லாம் நிஜம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேன். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இருந்தாலும் உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன். அதை மறைக்க மாட்டேன்.

ஹெலன்

பழவேற்காடு
2.3.2025

ஹெலன்,

விலாசத்தைப் பார்த்தாலே உனக்கு விஷயம் புரிந்திருக்கும்.

உன் கம்பெனி வக்கீலின் கடிதம் வந்த அன்றே சுவரை மூடிவிட்டார்கள். மறுநாள் கழற்றினார்கள். நாற்பத்தொரு கம்பியை மட்டும் எடுங்கள், மீதி உண்மை என்று மன்றாடினேன். திலகவதி மேடம் கேட்கவில்லை. "எது உண்மை, எது பொய்னு இனிமே யாருக்கும்மா தெரியும்?" என்றார்கள். ஏழரை வருடம், எல்லாக் கம்பியும் வேனில் போனது. அறிவியல் கண்காட்சியில் பொய்க் கணக்கு என்று அதே பேப்பரில் சின்னதாகப் போட்டார்கள். ஒப்பந்தம் மார்ச் வரைக்கும் இருந்தாலும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அண்ணன் கம்பெனியில் ஐஸ் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாபகமில்லை சார் என்று சொல்லியிருக்கலாமே நீ? பொய்கூட இல்லை அது. அந்தச் சமயத்தில் உனக்கு எதுதான் ஞாபகமிருந்தது? ஒரு வார்த்தை எனக்காக விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா? உன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லாமல் உன்னைத் திட்ட எனக்கு உரிமை இல்லை. எனக்கு முதலிலேயே தெரியும்.

பார்சல் வந்த அன்றே ஏழாவது நோட்டைத்தான் முதலில் பிரித்தேன், வேண்டாம் என்று எழுதியிருந்தாயே. மார்ச் 19 வரைக்கும் ராபினின் சாய்ந்த கையெழுத்து. அந்த 46 மட்டும் உன்னுடையது. அதற்குப் பிறகு எல்லாம் உன்னுடையது. ஒரே பேனா, ஒரே அழுத்தம். ராபின் இறந்த தேதி எனக்கு மறக்குமா? இவள் போயிருக்க மாட்டாள் என்று தோன்றியது. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்றும் தோன்றியது. அதனால்தான் நான் கேட்கவில்லை. பதில் போடாமல் ஒரு மாதம் தள்ளினதும் அதனால்தான், நேரமில்லாமல் இல்லை.

உன் நோட்டுகளை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். காபி கொட்டவில்லை.

ஜபீன்

கும்மிடிப்பூண்டி
20.7.2025

ஜபீனுக்கு,

நோட்டுகள் அப்போதே வந்தன. பதில் எழுத வேண்டாம் என்றுதான் நாலரை மாதம் இருந்தேன். இப்போது ஒரு காரியம் நடந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. அத்தைக்குச் சொன்னால் அழுவார்கள்.

எங்கள் கம்பெனியை விரிவாக்கப் போகிறார்கள். ஏரியின் கலங்கல் பக்கம் முப்பது ஏக்கர். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பஞ்சாயத்து ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ், உள்ளே எல்லோருக்கும் சாம்பார் சாதப் பொட்டலம். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஆறு நோட்டையும் கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போனேன். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துதான் போனேன். ஏழாவதை வீட்டில் வைத்துவிட்டேன்.

வேலை வேண்டும் என்று இருபது பேர் பேசினார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. என் முறை வந்தது. இந்த ஏரியில் எத்தனை பறவை வந்தது, எப்படிக் குறைந்தது என்று என்னிடம் கணக்கு இருக்கிறது என்று சொல்லி முதல் நோட்டைப் பிரித்தேன். பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான், "மியூசியத்துல பொய்னு கழட்னாங்களே, அந்த நோட்டா?" என்று. மண்டபமே சிரித்தது. அது ஏழாவது நோட்டு, இந்த ஆறும் நிஜம் என்றேன். "அத எழுதின கைதானே இதையும் எழுதிச்சு?" என்றான். மறுபடி சிரிப்பு.

அந்தக் கை இல்லை, ஜபீன். நான் பிரித்து வைத்திருந்தது உன் கையெழுத்து. கோழி கிண்டின குப்பை. அடியில் இருந்ததெல்லாம் ராபின் கையெழுத்து. சொல்ல நினைத்தேன். அவர் பெயரை அந்தச் சிரிப்புக்கு நடுவில் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மேடையில் இருந்த அதிகாரி நல்ல மாதிரி. எல்லோரையும் அமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா அப்படி எழுதினீங்க?"

"என் ஊட்டுக்காரர் செத்துட்டார் சார். அதான் ஏரிக்குப் போகல."

மைக்கில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "போகலைன்னே எழுதியிருக்கலாமேம்மா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் ஆனில் இருந்தது. நோட்டுகளை வாங்கிக்கொள்ளவில்லை. சந்தேகத்துக்குரிய ஆவணத்தைப் பதிவில் சேர்க்க முடியாது என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

துளசிராமன் சார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "பஸ்ஸு எதுக்கு, வாம்மா, கார்லயே போய்டலாம்" என்று கூப்பிட்டு, என் பையைக்கூடத் தானே வாங்கி வைத்தார். ஏசி போட்டார். என்னால் அவர்களுக்கு இனிமேல் ஒரு கெடுதலும் வராது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று அனுமதி வந்துவிட்டதாக லேபில் பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்குக் காலையில் ஏரிக்குப் போனேன், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக. கோடையில் தண்ணீர் இறங்கித்தான் இருந்தது. முக்குளிப்பான், மடையான், நத்தைக்குத்தி நாரை எல்லாம் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு. எண்ணினேன். எழுதவில்லை. எழுதி யாரிடம் காட்டுவது?

அந்த நோட்டைப் பாழாக்கினவள் நான்தான். அதில் பாதியை உன் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்ள மாட்டேன். உன் வேலை போனதற்கும் வருத்தப்படுகிறேன், நிஜமாகவே. ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டாய். சொல்லியிருக்கலாம்தான், முடியவில்லை.

ஆனால் ஏன் அப்படி எழுதினாய் என்று என்னை முதன்முதலில் கேட்டது முன்பின் தெரியாத ஒரு மனுஷன், முந்நூறு பேருக்கு நடுவில். நீ பார்சல் பிரித்த அன்றைக்கே அந்தக் கேள்வி உன் கையில் இருந்திருக்கிறது. நீ கேட்பாய் என்றுதான், வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே அந்த நோட்டையும் சேர்த்துக் கட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. உன்னிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதில் போடாதே. கோபத்தில் சொல்லவில்லை. உன் கடிதம் வந்தால் பிரிக்க வேண்டியிருக்கும், அதற்கு என்னிடம் தெம்பில்லை.

ஹெலன்